பூட்டத் தெரியாதவர்

அவருடைய பை எப்போதும் திறந்தே கிடக்கும். ஜிப் கெட்டுப்போகவில்லை. இழுத்து மூடமாட்டார், அவ்வளவுதான். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் நின்றபடி வருவார். உட்கார இடம் இருந்தாலும் நிற்பார். டிபன் டப்பா, காகிதக் கட்டு, ஸ்குரூ டிரைவர், குடை எல்லாம் வெளியே எட்டிப் பார்க்கும். ஒருமுறை குடையை யாரோ உருவிக்கொண்டார்கள். "மழைல நனைஞ்சவன் எடுத்திருப்பான்" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

நாங்கள் அவரை சார் என்போம். அவர் என்னை அக்கா என்பார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர்.

முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் பட்டறை. சர்க்யூட் போர்டு செய்கிற இடம். ஐஸ் பேக்டரி மோட்டார், இறால் பண்ணையில் காற்று அடிக்கிற மோட்டார், படகில் வைக்கிற பேட்டரி சார்ஜர், இதுகளுக்குள்ளே ஒரு தகடு இருக்கும் பாருங்கள், அதுதான் போர்டு. தகட்டில் ஓட்டை போட்டு, செம்புக் கோடு வரைந்து, மருந்துத் தொட்டியில் அரித்து, சாமான்களைப் பற்றவைத்துக் கொடுப்போம். முதலாளி ஒருத்தர். பெண்கள் நாலு பேர். ஓட்டை போடும் மெஷின் என்னுடையது. அதில் மாட்டுகிற துளை ஊசிக்குப் பிட்டு என்று பெயர். ஆறாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எண் தெரியும். இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாகத் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. நிவாரணப் படகு வந்தது. ஏறமாட்டேன் என்றார். நானும் கேட்கவில்லை. அந்த மெஷினை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சார் வந்து சேர்ந்தார். போர்டில் எந்தச் சாமான் எங்கே, எந்தக் கோடு எங்கே என்று கம்ப்யூட்டரில் வரைய ஒரு சாப்ட்வேர் வேண்டும். விலைக்கு வாங்க முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. யாரோ கொடுத்த சிடியில் இருந்தது அடிக்கடி படுத்துவிடும். "நானே எழுதித் தரேன்" என்று வந்தார். எழுதினார். நின்றுகொண்டேதான்.

நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு கம்ப்யூட்டரை அலமாரி மேல் ஏற்றிவைத்தார். ரெண்டு வரி தட்டுவார். தொட்டி வரைக்கும் நடப்பார். திரும்புவார். இன்னும் ஒரு வரி. மறுபடி தொட்டி. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தலை சுற்றும். கூட வேலை செய்த குறிஞ்சிப்பாடிக்காரி சும்மா இருக்கமாட்டாள்.

"சார், தரை தேஞ்சிடப் போவுது."

"தேஞ்சா கீழ இன்னா இருக்குன்னு பாக்கலாம்."

எதுவும் மூடியிருப்பது அவருக்குப் பிடிக்காது. புதிதாக வந்த ரிலே சுவிட்சை உடைத்து உள்ளே பார்ப்பார். தன் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். திருவந்திபுரம் கோயிலில் அவருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் வீட்டார் ஒன்றுமே கேட்கவில்லையாம். இவராகவே ஆரம்பித்திருக்கிறார். மூல வியாதி இருக்கு. கண்ணாடி பவர் ஏறிக்கிட்டே போவுது. ரெண்டு வேலையை விட்டாச்சு. அப்பா குடிப்பார். அவர்கள் பிரசாதத்தைக் கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். மறுநாள் காலையில் அதையும் எங்களிடம் சொன்னார்.

"ஏன் சார் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாது?" என்றாள் குறிஞ்சிப்பாடிக்காரி.

"அப்புறமா தெரிஞ்சா இன்னும் மோசம்மா."

சாப்ட்வேர் வரைய ஆரம்பித்துவிட்டது. வரைந்ததைப் பைலில் எப்படி எழுதிவைப்பது என்பதில் அவருக்கு ஒரு வாரம் ஓடியது. முதலாளிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"எப்பிடியோ ஒண்ணு போடுங்க சார். உள்ள எவன் பாக்கப்போறான்?"

"நான் பாப்பேன். எனக்கு அப்புறம் வர்றவன் பாப்பான்."

"நீங்க எங்க போறீங்க?"

"போவ மாட்டேன்னு எழுதியா குடுத்தேன்?"

ஒரு நாள் காலையில் மூன்று காகிதம் கொண்டுவந்து என் மெஷின் மேல் பரப்பினார். மூன்றும் ஒரே போர்டு என்றார். ஒரே போர்டை மூன்று விதமாக எழுதி அச்சடித்திருந்தார்.

முதல் காகிதத்தில் கட்டமும் கோணல் கோடும் சிரிக்கிற முகமுமாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியுமாம். சின்னதாக இருக்குமாம், சீக்கிரம் திறக்குமாம். ரெண்டாவதில் எழுத்துதான். ஆனால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. மூன்றாவதில் ஒரு வரிக்கு ஒரு சாமான். ஒரு வரிக்கு ஒரு ஓட்டை. வரி ஆரம்பத்தில் ஓர் எழுத்து, பிறகு எண்கள்.

"அக்கா, இதுல எது படிக்க வருது?"

"எனக்கெதுக்கு சார் இது?"

"ஓட்டை நீங்கதான போடுறீங்க."

மூன்றாவதைக் காட்டினேன்.

"ஏன்?"

"மளிகைச் சீட்டு மாதிரி இருக்கு."

சிரித்தார். எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றியது. "ஓட்டை சைசு கடைசில இருக்கு. மொதல்ல வேணும். சைசு பாத்துதான் பிட்டு மாட்டணும். சின்னதும் பெருசும் கலந்து வந்தா, பிட்டு மாத்தி மாத்தியே பொழுது போயிடும்."

தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினார். "கரெக்ட்" என்றார். மறுநாள் காகிதத்தில் சைஸ் முதலில் வந்தது. சின்ன ஓட்டையெல்லாம் ஒன்றாக, பெரிய ஓட்டையெல்லாம் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

முதலாளியிடம் போய், "பைல் எப்பிடி இருக்கணும்னு முடிவாயிடுச்சு" என்றார்.

"யாரு முடிவு பண்ணது?"

"அக்கா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதத்தை வைத்து நான் போட்ட முதல் ஆறு போர்டும் வீண். மூலையில் வர வேண்டிய ஓட்டை நடுவில் விழுந்திருந்தது. கோடு அரித்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி கத்தினார். காகிதத்தில் இருந்தபடிதான் தகட்டை நகர்த்தினேன். ஆனால் அதைச் சொல்லி யாரை நம்பவைப்பது?

சார் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றரை மில்லிமீட்டர் என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறார். பிரிண்டர் ரிப்பன் தேய்ந்து, புள்ளி விழவில்லை. நான் முப்பத்தைந்தில் போட்டிருக்கிறேன்.

"புது ரிப்பன் வாங்கிடலாம்" என்றார் முதலாளி.

"புது ரிப்பனும் தேயும் சார். புள்ளியே வேணாம்."

அன்றைக்கே எல்லா எண்களையும் முழு எண்ணாக மாற்றினார். மில்லிமீட்டரை நூறாக்கி, மூன்றரை இனிமேல் முந்நூற்றைம்பது. புள்ளி என்பதே எங்கேயும் கிடையாது. பைலின் தலையில், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத ஒரு வரியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதினார். புள்ளி வைத்தது என் தப்பு, அக்கா தப்பு இல்லை. அதற்குப் பிறகு எந்தப் போர்டு வரைந்தாலும் அந்த வரி தலையில் இருந்தது.

"போதும் சார், எடுத்துடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்கா. யாரை இடிக்குது?"

இடிக்கத்தான் செய்தது. அந்த வரி இல்லை, பைல்.

இறால் பண்ணைக்காரர் ஒருத்தர் எங்களிடம் நிறையப் போர்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மதியம் வந்தார். முதலாளி நெல்லிக்குப்பம் போயிருந்தார். "எம் போர்டு படம் எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் சார்" என்று கேட்டார். சார் ஒரு பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. எந்த வரி எதற்கு என்று நின்று விளக்கமும் சொன்னார்.

இறால் பண்ணைக்காரர் பிறகு வரவே இல்லை. அவருடைய போர்டுகள் பாண்டிச்சேரியில் யாரோ ஒருத்தரிடம் தயாராவதாகக் காதில் விழுந்தது. எங்கள் பைலை வைத்துத்தான்.

"ஏன்யா குடுத்தே?" முதலாளி முதல் தடவையாக அவரை சார் போடாமல் கேட்டார்.

"அவுரு போர்டு. கேட்டாரு. குடுத்தேன்."

"எம் பொழப்பக் கேட்டாலும் குடுத்துடுவியா?"

சார் தொட்டிப் பக்கம் நடந்தார்.

அந்த மாதம் குறிஞ்சிப்பாடிக்காரியையும் இன்னொருத்தியையும் நிறுத்தினார்கள். நானும் இன்னும் ஒருத்தியும் மிச்சம். யாருக்கும் படிக்க வருகிற அந்த மூன்றாவது காகிதத்தைக் காட்டிய விரல் என்னுடையது. அதை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"அடுத்து ஐஸ் பேக்டரிக்காரன் போனா பட்டறையையே இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. "பைலப் பூட்டுங்க. இங்க தவிர வேற எங்கயும் தொறக்கக் கூடாது."

"பூட்டுனா நமக்கே ஒரு நாள் தொறக்காது சார்."

"அத அன்னிக்குப் பாத்துக்கலாம்."

சார் ஒரு வாரம் நடந்தார். தொட்டிக்கும் அலமாரிக்கும். ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்காரி வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் பிறகு என்னிடம் சொன்னாள். "வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ஒன் வேலை என்னாலதான் போச்சுன்னாருக்கா. எம் மாமியா காபி போட்டுக் குடுத்துச்சு. டம்ளரக் கையில வச்சிக்கிட்டே பேசிட்டு, குடிக்காமயே போயிட்டாரு."

திங்கட்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"சார், பூட்டிடுங்க."

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "நீங்களா சொல்றீங்க?"

"எனக்கு வேலை வேணும்."

"பூட்டுனா உங்களுக்கும் படிக்க வராதுக்கா."

"வராட்டி இன்னா. நீங்க வாயால சொல்லுங்க, நான் போடுறேன்."

"நான் இல்லன்னா?"

"எங்கயும் போவாதீங்க."

அவர் அலமாரிப் பக்கம் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார்.

ரெண்டு நாள் உட்காராமல் பூட்டு எழுதினார். எழுதியதை அழித்தார். மூன்றாம் நாள் முதலாளியைக் கூப்பிட்டார். பைல் பெயரின் கடைசி மூன்றெழுத்து வாலை மாற்றியிருந்தார். தட்டினால், இதைத் திறக்க எனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் சொல்லும். எங்கள் சாப்ட்வேரில் திறந்தால் ரகசிய வார்த்தை கேட்கும். முதலாளிக்கு முகம் தெளிந்தது. அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா இது பூட்டு இல்ல சார்" என்றார். "பூட்டு மாதிரி. நோட்பேடத் தொறந்து உள்ள இழுத்துப் போட்டா எல்லா வரியும் தெரியும். பாருங்க."

போட்டுக் காட்டினார். எல்லாம் தெரிந்தது.

"ஏன் இப்பிடி?"

"நெஜமாவே பூட்டுனேன். அப்பிடியே வைக்கக் கை வரல. நாளைக்கு பஸ்ஸுல அடிபட்டுட்டேன்னு வைங்க, அக்காவுக்கு ஒரு ஓட்டை கூட எங்கன்னு தெரியாது."

முதலாளி கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். "போர்டு வாங்க வர்றவங்களுக்கு நோட்பேடு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இதுவே பூட்டுதான். நீங்க வாய மட்டும் மூடிக்கிட்டு இருங்க."

வேறு எந்த வேலை கொடுத்திருந்தாலும் செய்திருப்பார்.

பத்து நாள் கழித்து ஐஸ் பேக்டரிக்காரர் வந்தார். மாதத்தின் முதல் வாரத்தில் வருவார். வெள்ளைச் சட்டை, பெரிய குரல், எல்லாரிடமும் கிண்டல். இறால் பண்ணைக்காரர் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். நேராக சாரிடம் கேட்டார்.

"ஏன் சார், நாளைக்கு ஒங்க மொதலாளி மொறுக்கிக்கிட்டா எம் போர்டப் பாண்டிக்குத் தூக்கிக்கிட்டுப் போலாமா? அந்தப் பைலு அங்க தொறக்குமா?"

முதலாளி பின்னால் நின்றார். சார் வாயைத் திறந்தார். அவர் வாய் எப்படித் திறக்கும், என்ன வரும் என்று ஒரு வருஷம் பார்த்தவள் நான்.

"அது வந்து..." என்றார்.

"தொறக்காது" என்றேன்.

ஐஸ் பேக்டரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"நான்தான தெனம் பாக்குறேன். இங்க மட்டுந்தான் தொறக்கும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். மருந்துக் கறை பிடித்த என் விரல்களைப் பார்த்தார். நம்பிவிட்டார். "சரி, எம் மோட்டாரு ஒங்க தலைலதான்னு எழுதியிருக்கு" என்று சிரித்துக்கொண்டு போனார். முதலாளி டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கும் சேர்த்து.

சார் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பொய் சொல்ல வருமாக்கா உங்களுக்கு?"

"இன்னிக்கு வந்துச்சு."

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டீங்க."

"நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

மறுநாள் காலையில் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். சாப்ட்வேரில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது, கெட்டுப்போனால் என்ன செய்வது, எல்லாம் எழுதியிருந்தார். பாதி தமிழில். முதலாளி மேஜையில் வைத்தார். என்னிடம் வந்தார்.

"இங்க இருந்தா என்னிக்காவது சொல்லிடுவேன்கா. சொன்னா உங்க வேலை போயிடும். நான் போறேன்."

இருங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

ஆறு வருஷம் ஓடியது. முதலாளி சாப்ட்வேரை மாற்றவில்லை. ரகசிய வார்த்தையைக் காலையில் நான்தான் தட்டுவேன். ஐஸ் பேக்டரிக்காரர் மாதா மாதம் வந்தார். "யம்மா, பூட்டு பத்திரமா இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கிண்டலுக்குத்தான். அவர் கம்ப்யூட்டர் பக்கம் போனால் என் பிட்டு ஒடியும். அவருடைய ஆள் எவனாவது படித்தவனாக வந்தால், அன்று சோறு இறங்காது. யாராவது அந்தப் பைலை நோட்பேடில் இழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தைக் காவல் காப்பதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது.

இந்த வருஷம் என் பெரிய மகளைக் காலேஜில் சேர்க்க சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் அவர்தான் என்னை முதலில் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. பெரியவளிடம் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வேலைல இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்."

"ஐஸ் பேக்டரிக்காரரு?"

"வர்றாரு."

"நல்ல மனுஷன். நான் அவ்ளோ சொன்ன பெறகும் வர்றாரு பாருங்க."

"இன்னா சொன்னீங்க?"

"வேலைய விட்ட மறுவாரமே போய் சொல்லிட்டேனே. பைல எங்க வேணா தொறக்கலாம், ஆனா அந்தப் பொம்பளைங்களுக்காக வேலைய அங்கயே குடுங்கன்னேன். சரி சரின்னு தலையாட்டுனாரு."

அவர் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறினார். படியில் நின்று கை காட்டினார். நான் காட்டவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பெரியவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் ஏறவில்லை. தெரிந்துதான் கேட்டாரா மனுஷன்? பூட்டு பத்திரமா என்று ஆறு வருஷமாகத் தெரிந்துதான் கேட்டாரா?

அடுத்த மாதம் முதல் வாரம் ஐஸ் பேக்டரிக்காரர் போர்டு வாங்க வந்தார். முதலாளி இல்லை. நான் கேட்டேன்.

"சார் உங்ககிட்ட வந்து பேசுனாராமே. முன்ன."

"எந்த சாரு?" யோசித்தார். "ஓ, அந்த நடக்குற ஆளா. வந்தாரும்மா. நல்ல மழை. ஒரு மணி நேரம் பேசுனாரு. எழுத்துன்னாரு, வரின்னாரு, புள்ளியே கெடையாதுன்னாரு. எனக்கு ஒரு எழவும் புரியல. பாவம், வேலை போன கஷ்டத்துல வந்திருக்காருன்னு சரி சரின்னு அனுப்பி வச்சேன்."

போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பிடி இன்னாதாம்மா சொல்ல வந்தாரு?"

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. ஒரு வார்த்தை. முன்பு சொன்னதும் ஒரு வார்த்தைதான். ஆனால் மழையில் வந்து ஒரு மணி நேரம் ஒரு மனுஷர் சொன்னது, சேராமலே நடுவழியில் கிடந்திருக்கிறது.

"அந்தப் பைல யார் வேணா, எங்க வேணா தொறக்கலாம்" என்றேன். "பூட்டு கெடையாது. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவர் சிரிக்கவில்லை. "இத்தினி வருஷமா?"

"ஆமா."

"ஏன்?"

"எனக்கு வேலை வேணும்."

என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். போர்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அது போன மாதம். சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை. பயம் இருக்கிறது. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்துகிறேன். முதல் வாரம் தவறாமல் வருகிறவர். இன்றைக்கு ஒன்பதாம் தேதி.